வார்டிலிருந்து தகவல் பிரிவுக்கு: செவிலியத் தகவலியல் பணியை நாடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றி இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பவர்கள் செவிலியர்கள். வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் டிபிஆர் சார்ட், இன்டேக்-அவுட்புட் சார்ட், மருந்து கொடுத்த பதிவு, நர்சஸ் நோட்ஸ், ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்டோவர் என்று நீளும் இந்த எழுத்தெல்லாம் இப்போது காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் திரையில் எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும், எது கட்டாயம், எது எச்சரிக்கை தர வேண்டும், எது தரவே கூடாது என்று முடிவு செய்யும் இடத்தில் வார்டை அறிந்த செவிலியர் ஒருவர் இல்லாவிட்டால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் நோயாளிகளும் மற்ற செவிலியர்களும்தாம். அந்த இடத்தில் அமர்ந்து பணியாற்றுவதே நர்சிங் இன்ஃபர்மாடிக்ஸ் எனப்படும் செவிலியத் தகவலியல். ஜிஎன்எம் என்னும் செவிலியப் பட்டயப் படிப்போ பிஎஸ்சி நர்சிங்கோ முடித்து வார்டில் பணியாற்றிக்கொண்டே இத்துறையை எட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது, எதில் பணத்தைச் செலவிடாமல் இருப்பது என்பதை இங்கே விரிவாகச் சொல்ல முயல்கிறேன்.

இந்தப் பணியின் உள்ளடக்கம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா என்னும் ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே செவிலியராக இருந்த சூ கின்னிக், 1992இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில், ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடைப் படித்து நொடியில் கணக்கை முடிப்பதைக் கண்டார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து உறையையும் இதே முறையில் படித்துப் பார்த்த பிறகே மருந்து கொடுத்தால், ஒருவருக்குரிய மருந்து இன்னொருவருக்குப் போகாதே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனை முதலில் அந்த மருத்துவமனையிலேயே வடிவம் பெற்று, பின்னர் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சென்றது. இன்று உலகெங்கும் பெரிய மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதற்கு முன் கைப்பட்டையை ஸ்கேன் செய்யும் வழக்கத்துக்கு அது முன்னோடி. பார்கோடு அதற்கு முன்பே கடைகளில் இருந்தது, கணினி வல்லுநர்களும் இருந்தார்கள். மருந்துப் பிழை எந்தக் கணத்தில், எந்தக் கையில் நேர்கிறது என்பதை அறிந்தவர் ஒரு செவிலியர் என்பதால்தான் இரண்டும் கட்டிலருகே சேர்ந்தன.

அதே 1992ஆம் ஆண்டில்தான் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்திய பிஎஸ்சி நர்சிங் பாடத்திட்டத்தில், இரண்டாம் செமஸ்டரிலேயே ஹெல்த்/நர்சிங் இன்ஃபர்மாடிக்ஸ் அண்ட் டெக்னாலஜி என்ற பாடம் இடம் பெற்றுவிட்டது. ஆகவே புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு அடிப்படைச் சொற்களாவது பழக்கமாகியிருக்கும். அதற்கு முன் படித்தவர்கள் அந்தப் பாடத்திட்டத்தை எடுத்து ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுவது நல்ல தொடக்கம். தமக்கு எது தெரியாது என்பதை அது காட்டிவிடும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரு மெடிக்கல் வார்டில் காலை ஆறு மணிக்கு ஒரு நோயாளியின் பதிவு இவ்வாறு இருக்கிறது: மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் வைக்காமலேயே எஸ்பிஓ2 (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) 94, நாடி 104, சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் 118, உடல் வெப்பம் 38.2 செல்சியஸ், நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பதற வைப்பதில்லை. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்னும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறைப்படி கூட்டினால் மூச்சுக்கு 2, எஸ்பிஓ2வுக்கு 1, நாடிக்கு 1, வெப்பத்துக்கு 1 என மொத்தம் 5 வருகிறது. 5 வந்துவிட்டால் மருத்துவர் தாமதமின்றி வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. இந்தக் கூட்டலைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும்.

ஆனால் மூச்சை எண்ணாமல் வழக்கம்போல் 18 என்று எழுதிவிட்டால் மொத்தம் 3 ஆகிவிடும், எச்சரிக்கை வராது. எந்த மென்பொருளும் அந்த 18 எண்ணி எழுதப்பட்டதா, எண்ணாமல் எழுதப்பட்டதா என்று கண்டுபிடிக்காது. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் என்ற நிலையில் ஒரு முழு நிமிடம் நின்று மூச்சை எண்ணுவது எவ்வளவு கடினம் என்பது வார்டில் நின்றவருக்குத்தான் தெரியும். தகவலியல் செவிலியர் இங்கே செய்யும் வேலை மிக நுட்பமானது: மூச்சுக்கான கட்டத்தில் முந்தைய பதிவின் எண் தானாக வந்து நிற்காதபடி செய்வார், திரையிலேயே நேரம் எண்ணும் ஒரு சிறு பொத்தானை வைக்கச் சொல்வார், அளவீடு எடுத்த நேரமும் கணினியில் ஏற்றிய நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும் என்று வலியுறுத்துவார், ஏனெனில் ஆறு மணிக்கு எடுத்ததை எட்டு மணிக்கு ஏற்றுவதுதான் பெரும்பாலான வார்டுகளின் நடப்பு. பிறகு ஒரு மாதப் பதிவுகளை எடுத்து, மூச்சு எண்ணிக்கை 18, 20 என்ற இரண்டு எண்களிலேயே குவிந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். குவிந்து கிடந்தால், அதற்காக யாரையும் கூப்பிட்டுக் கண்டிக்காமல், அந்த நேரத்தில் வார்டில் வேறு என்னென்ன வேலைகள் நெருக்குகின்றன என்று நேரில் போய்ப் பார்ப்பார். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தத் துறையின் அறமே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஒவ்வாமைப் பதிவும் இத்தகையதே. பென்சிலின் ஒவ்வாமை என்று நோட்ஸ் பகுதியில் யாரோ தட்டச்சு செய்து வைத்திருந்தால் படிப்பவருக்குப் புரியும். ஆனால் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதப்படும்போது கணினி தடுக்காது. அதற்கென உள்ள கட்டத்தில், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிந்திருந்தால் மட்டுமே தடுக்கும். அட்மிஷன் நேரத்து அவசரத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தால் எவரும் போக மாட்டார்கள். ஆகவே அந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்பது அலங்காரம் பற்றிய கேள்வியன்று, நோயாளியின் பாதுகாப்பு பற்றிய கேள்வி.

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு வார்டு அனுபவம் இல்லாமல் இந்தப் பணிக்கு வராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஐசியு, அறுவைச் சிகிச்சை வார்டு, அவசரப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றிலாவது இருந்திருந்தால் மேலும் நல்லது, ஏனெனில் பதிவுகள் அடர்த்தியாகவும் வேகமாகவும் நிகழும் இடங்கள் அவை. படித்து முடித்த கையோடு கணினி முன் அமர்ந்துவிட்டவருக்கு மென்பொருள் நிறுவனத்தார் சொல்வதை மறுத்துப் பேச அடித்தளம் இருக்காது.

நைட் டியூட்டியிலிருந்து தப்பும் வழியாக இதைப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். புதிய மென்பொருள் நடைமுறைக்கு வரும் வாரங்களில் மூன்று ஷிஃப்டுகளிலும் வார்டு வார்டாகச் சென்று உதவ வேண்டியிருக்கும். நள்ளிரவில் மருந்துப் பட்டியல் திறக்கவில்லை என்று அழைப்பு வரும். அதோடு, இரண்டு தரப்பாரின் கோபத்தையும் பொறுமையாகக் கேட்கும் மனம் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவினர் வார்டு ஒத்துழைக்கவில்லை என்பார்கள். வார்டில் இருப்பவர்கள் இந்த மென்பொருளால் வேலை இரட்டிப்பாகிவிட்டது என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கும். ஏன் இந்தப் படிவத்தை மூன்று இடத்தில் எழுதுகிறோம் என்று உங்களுக்கு அடிக்கடி தோன்றியிருந்தால், சக செவிலியர்கள் கணினியில் சிக்கிக்கொள்ளும்போது உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், இந்தப் பணி உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு அவை நல்ல அறிகுறிகள்.

சொந்த வார்டிலேயே முதல் திட்டம்

பலர் இணையவழிச் சான்றிதழ் ஒன்றை வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். நீங்கள் பணியாற்றும் வார்டில் தகவல் தொடர்பான ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து அதைத் தீர்த்துக் காட்டுவதே முதல் படி. குழந்தைகள் வார்டில் உடல் எடை பதிவாகாமல் மருந்து அளவு கணக்கிடப்படுகிறதா? டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் எழுதியதற்கும் நோயாளி வீட்டுக்குப் புறப்படுவதற்கும் இடையே ஏன் இத்தனை மணி நேரம் ஆகிறது? ஃபார்மசிக்குப் போகும் இண்டென்ட் (மருந்து கேட்புச் சீட்டு) எத்தனை முறை திரும்பி வருகிறது? இவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

எடைப் பதிவை எடுத்துக்கொண்டால், நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் முறையாக அனுமதி பெற்று, இரண்டு வார கேஸ் ஷீட்டுகளில் எத்தனையில் எடை கிலோகிராமில், எடுத்த தேதியுடன் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். நோயாளியின் பெயர், ஐபி எண், தொலைபேசி எண் எதையும் உங்கள் தாளில் குறிக்காதீர்கள். எண்ணிக்கை மட்டும் போதும். பிறகு எடை ஏன் விடுபடுகிறது என்று பாருங்கள். எடை இயந்திரம் அட்மிஷன் மேசையிலிருந்து தொலைவில் இருக்கலாம். படிவத்தில் எடைக்கான கட்டம் இரண்டாம் பக்கத்தில் இருக்கலாம். அவசரப் பிரிவில் எடுத்த எடை வார்டுக்கு வந்து சேராமல் போகலாம். காரணத்துக்கு ஏற்ற ஒரு சிறு மாற்றத்தைச் செய்து, மீண்டும் இரண்டு வாரம் எண்ணுங்கள். சிக்கல், முன் நிலை, மாற்றம், பின் நிலை, இன்னும் தீராதது என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு பல சான்றிதழ்களுக்கு இராது, ஏனெனில் இந்தப் பணியின் முழுச் சுற்றையும் நீங்கள் ஒருமுறை செய்து முடித்திருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று.

உங்கள் மருத்துவமனை புதிய எச்ஐஎஸ் (மருத்துவமனைத் தகவல் மென்பொருள்) அல்லது இஎம்ஆர் (மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள்) வாங்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் தயங்காமல் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒருவரை சூப்பர் யூசர் என்று தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அவர் மூலம் மற்றவர்களுக்குக் கற்பிப்பது வழக்கம். கூடுதல் சம்பளம் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் மென்பொருளைச் சோதிக்கும் கட்டத்தில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அதைவிட நல்ல பள்ளி இல்லை. சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நோயாளியை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். நடுவில் வார்டு மாற்றப்பட்டவர், ஒரே பெயருடைய இருவர், அடையாளம் தெரியாமல் அவசரப் பிரிவுக்கு வந்தவர், பிறந்து பெயர் சூட்டப்படாத இரட்டைக் குழந்தைகள், இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டிச் சொட்டும் ஐவி திரவம் ஆகியவற்றை உள்ளே போட்டுப் பாருங்கள். மென்பொருள் அங்கேதான் தடுமாறும்; இவை நிரல் எழுதுபவரின் நினைவுக்கு வராதவை, உங்களுக்கு அன்றாடம்.

கற்க வேண்டிய திறன்கள்

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. தேவையில்லை. எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும்: வடிகட்டுதல், பிவட் டேபிள், வரைபடம், தேதி நேரக் கணக்கு ஆகியவை கைவர வேண்டும். அடுத்ததாக எஸ்க்யூஎல் மொழியில் ஒரு அட்டவணையிலிருந்து வேண்டியதை எடுக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டால், அறிக்கைக்காகத் தொழில்நுட்பப் பிரிவினரிடம் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, ஒரு வேலை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் படமாக வரையும் பழக்கம் வேண்டும். மருந்து எழுதப்படுவதிலிருந்து நோயாளியின் வாய்க்குள் போவது வரை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். உங்களுக்கே தெரியாத இரண்டு மூன்று நிறுத்தங்கள் அதில் தெரியவரும்.

இவற்றுக்குப் பின் தரநிலைகள். இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. அவற்றில் வரும் நான்கு பெயர்கள் உங்களுக்கு அத்துபடியாக வேண்டும். நோய்களையும் அறிகுறிகளையும் மருத்துவச் செயல்களையும் குறியீடாக்குவது ஸ்னோமெட் சிடி. இந்தியா 2014இல் அதன் உறுப்பு நாடாக ஆனதால் இந்நாட்டில் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய வளமையம் அதைக் கையாள்கிறது. ஆய்வகப் பரிசோதனைகளுக்கும் அளவீடுகளுக்கும் உரியது லாய்ன்க். மேலே நாம் பார்த்த மூச்சு எண்ணிக்கைக்கு அதில் 9279-1 என்று ஓர் எண் உண்டு. ஒரு மருத்துவமனை அதை ஆர்ஆர் என்றும் இன்னொன்று ரெஸ்ப் என்றும் எழுதினாலும் இந்த எண் ஒன்றாக இருப்பதால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். நோய் வகைப்பாட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை அனுப்பும் முறைக்கு எச்எல்7 ஃபயர். இவை ஒவ்வொன்றையும் நிபுணராகும் அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. எது எதற்காக என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஸ்னோமெட் அமைப்பு நடத்தும் இணையவழி அடிப்படைப் பாடம் இலவசம் என்பதால் பணம் செலவிடும் முன் அதை முடித்துவிடுங்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒரு மென்பொருள் வேண்டும் அல்லவா? வளரும் நாடுகளின் மருத்துவமனைகளை மனத்தில் வைத்து உருவான திறமூல மென்பொருளான ஓப்பன்எம்ஆர்எஸ், அதன்மேல் கட்டப்பட்ட பாஹ்மினி ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹ்யோக் நடத்தும் கிராமப்புற மருத்துவமனைக்காகத்தான் பாஹ்மினி முதலில் வடிவமைக்கப்பட்டது. இவற்றின் மாதிரித் தளங்களில் கற்பனை நோயாளி ஒருவரைச் சேர்த்து, உயிர்க்குறிகளைப் பதிந்து, மருந்து எழுதி, டிஸ்சார்ஜ் வரை கொண்டுசென்று பாருங்கள். எங்கே தேவையில்லாமல் சொடுக்க வேண்டியிருக்கிறது, எங்கே தவறான கட்டத்தில் கை போகிறது என்று குறித்துக்கொண்டே செல்லுங்கள். அந்தக் குறிப்பு எடுக்கும் பார்வைதான் நாளை உங்களுக்குச் சம்பளம் தரப்போகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் நடப்பவை

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் இந்தத் துறைக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது. 14 இலக்க ஆபா எண் மூலம் ஒருவரின் மருத்துவப் பதிவுகளை, அவருடைய ஒப்புதலோடு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றில் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. ஒப்புதல் என்பதைத் திரையில் ஒரு டிக் போடுவதாகச் சுருக்கிவிடாமல், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று விளக்குவது அட்மிஷன் மேசையில் நிற்கும் செவிலியரின் கையில்தான் பல இடங்களில் வந்து நிற்கும். அரசு மருத்துவமனைகளில் தேசிய தகவல் மையத்தின் இ-ஹாஸ்பிட்டல், சி-டாக்கின் இ-சுஷ்ருத் ஆகியவை புழக்கத்தில் உள்ளன. தனியார் மருத்துவமனைகளில் தரச்சான்று வழங்கும் என்ஏபிஎச் 2023இல் டிஜிட்டல் ஹெல்த் தரநிலைகளைத் தனியாகவே வெளியிட்டதால், குவாலிட்டி பிரிவுகளில் கணினி தெரிந்த செவிலியர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடிகளைக் கிராமங்களில்தான் தேட வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிந்து பிள்ளைப்பேறுக்குப் பின்னும் தொடரும் பிக்மி தளத்தில் ஆண்டுக்கணக்கில் பதிந்துவருபவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். அதில் கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) பிறப்புச் சான்றிதழ் பெறுவதோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பதிவு பிழையானால் ஒரு குடும்பம் எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுகிறவராக இருந்தால், அந்த அனுபவத்தைச் சாதாரணமானது என்று ஒதுக்காதீர்கள். தன்னிடம் வந்த பதிவை மற்றொரு துறையின் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், இடம் மாறிச் சென்ற கர்ப்பிணியை அடுத்த நிலையத்தின் பட்டியலில் தேடிப் பிடிப்பதும் முழுமையான தகவலியல் பணிகளே; சுயவிவரக் குறிப்பில் அவற்றை அந்தச் சொற்களிலேயே எழுதலாம்.

தனியுரிமை பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்துவது. ஆனால் வார்டு நடப்பில், காலை ஷிஃப்டில் ஒருவர் உள்நுழைந்த கணக்கிலேயே மாலை வரை எல்லோரும் பதிவதும், காயத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அபிப்பிராயம் கேட்பதும் சாதாரணமாக நடக்கின்றன. ஒரே கணக்கில் பலர் பதிந்தால், நாளை ஒரு மருந்துப் பிழை விசாரணைக்கு வரும்போது கொடுக்காத மருந்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் காலையில் உள்நுழைந்த அந்தச் செவிலியர்தான். உள்நுழைவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் ஆகும் கணினியை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. அட்டையைத் தொட்டதும் திறக்கும் வசதியைக் கேட்டு வாங்கித் தருவது தகவலியல் செவிலியரின் கடமை.

கணினி நின்றுபோகும் நாளுக்கும் திட்டம் வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, வெளிநோயாளர் பதிவு முதல் ஆய்வகம் வரை பல நாட்கள் கையால் எழுதியே நடத்த வேண்டியிருந்தது. உங்கள் வார்டில் இன்றிரவு அப்படி நேர்ந்தால், எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? வெற்றுப் படிவங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன? கணினி திரும்பியதும் அவற்றை யார், எந்த வரிசையில் ஏற்றுவார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைப்பதையே உங்கள் இரண்டாவது திட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டமும் சான்றிதழும்

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள எம்எஸ்சி நர்சிங் சிறப்புப் பிரிவுகளில் தகவலியல் இல்லை. எனவே மேற்படிப்பு வேண்டுமென்றால் ஹெல்த் இன்ஃபர்மாடிக்ஸ், மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கும். சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உண்மையான மருத்துவமனையில் செய்முறைக் காலம் இருக்கிறதா, பாடம் எடுப்பவர்களில் யாராவது மென்பொருளை மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தியவரா என்ற இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால் கட்டணத்தைக் கட்ட வேண்டாம்.

உலக அளவில் மதிப்புள்ள சான்றிதழ் அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையம் 1995 முதல் வழங்கிவரும் இன்ஃபர்மாடிக்ஸ் நர்சிங் சான்றிதழ். அதற்குப் பதிவு பெற்ற செவிலியர் உரிமம், இளநிலைப் பட்டம், இரண்டாண்டு முழுநேரப் பணி, கடந்த மூன்றாண்டுகளில் இத்துறையில் 30 மணி நேரத் தொடர்கல்வி ஆகியவற்றோடு, மூன்றாண்டுகளில் 2,000 மணி நேரத் தகவலியல் பணி அனுபவமும் வேண்டும். மேற்படிப்புப் பாடங்கள் படித்தவர்களுக்கு அந்த மணி நேரம் குறையும். வேறு நாட்டு உரிமம் உடையவர்களும் கூடுதல் நிபந்தனைகளோடு விண்ணப்பிக்கலாம். ஆக, அது அனுபவத்துக்குப் பின் வரும் சான்றிதழ், வேலைக்குள் நுழையும் சீட்டு ஆகாது. ஜிஎன்எம் முடித்தவர்கள் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி முடிப்பதை முதலில் யோசிப்பது நல்லது, ஏனெனில் பல நிறுவனங்கள் பட்டத்தை அடிப்படைத் தகுதியாகக் கேட்கின்றன.

வேலையைத் தேடுவது

விளம்பரங்களில் நர்சிங் இன்ஃபர்மாடிக்ஸ் என்ற பெயரைத் தேடினால் இந்தியாவில் மிகக் குறைவாகவே கிடைக்கும். கிளினிக்கல் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், இஎம்ஆர் டிரெய்னர், இம்ப்ளிமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ், கிளினிக்கல் அனலிஸ்ட், குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ் என்ற பெயர்களில் தேடுங்கள். பெரிய மருத்துவமனைக் குழுமங்கள், சென்னையிலும் பெங்களூருவிலும் இயங்கும் மருத்துவ மென்பொருள் நிறுவனங்கள், ஐசியு கருவிகளை விற்கும் நிறுவனங்கள், டெலிமெடிசின் சேவைகள் ஆகியவை இத்தகையவர்களை எடுக்கின்றன. என் பரிந்துரை, முதல் வேலை மருத்துவமனைக்குள்ளேயே அமையட்டும் என்பது. மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்த மாற்றத்தின் விளைவை மறுநாள் காலையில் வார்டில் நின்று பார்க்கும் வாய்ப்பு அங்கே இராது, தொடக்கத்தில் கற்பிப்பது அந்த வாய்ப்புதான்.

மெடிக்கல் கோடிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னையில் அதற்கு வேலைவாய்ப்பு நிறைய உண்டு, செவிலியர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைப் படித்து, காப்பீட்டுப் பணம் பெறுவதற்கான குறியீடுகளைச் சேர்ப்பது அந்த வேலை. மரியாதையான தொழில்தான்; ஆனால் அங்கிருந்து வார்டுத் தகவலியலுக்குத் தானாக வழி திறக்காது. பயிற்சி மையங்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் கட்டணம் வாங்கினால் விலகிக்கொள்ளுங்கள்.

வளைகுடா நாடுகளிலோ பிரிட்டனிலோ சிங்கப்பூரிலோ பணியாற்றும் நம் செவிலியர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எபிக், முன்பு செர்னர் என்ற பெயரில் இருந்த ஆரக்கிள் ஹெல்த் போன்ற மென்பொருள்களில் அவர்கள் அன்றாடம் பதிந்து பழகியவர்கள். பிரிட்டனின் என்எச்எஸ் மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியத் தகவல் அலுவலர் என்ற பதவியே இருக்கிறது. அங்கே டிஜிட்டல் நர்ஸ் என்ற பெயரில் வாரத்தில் சில நாள் மட்டும் தகவல் பிரிவிலும் மற்ற நாள் வார்டிலும் பணியாற்றும் வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டை முற்றிலும் விடாமல் இத்துறையைச் சோதித்துப் பார்க்க அது நல்ல ஏற்பாடு.

நேர்முகத் தேர்வில் உங்களிடம் எந்த மென்பொருள் தெரியும் என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல், அதில் எந்த வேலை எளிதாக நடந்தது, எது நோயாளிக்கு ஆபத்தாக இருந்தது, நீங்கள் என்ன மாற்றம் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் ஒரு பக்கத் திட்டக் குறிப்பை நீட்டுங்கள். நீங்களும் அவர்களைக் கேட்க வேண்டியது உண்டு: இந்தப் பதவி நர்சிங் சூப்பரின்டெண்டென்டின் கீழ் வருகிறதா, ஐடி மேலாளரின் கீழ் வருகிறதா, வார்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஒதுக்கப்படும், மென்பொருளில் மாற்றம் கேட்டால் முடிவெடுப்பவர் யார். வார்டுக்குப் போகவே நேரம் இல்லை என்றால் அது பயிற்சி கொடுக்கும் வேலை மட்டுமே என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

வேலை கிடைத்த பிறகும் செவிலியர் பதிவைக் கைவிடாதீர்கள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் உங்கள் பதிவையும், இந்திய நர்சிங் கவுன்சிலின் என்ஆர்டிஎஸ் என்னும் செவிலியர் பதிவு முறையில் கிடைக்கும் என்யுஐடி என்னும் தனி அடையாள எண்ணையும் நடப்பில் வைத்திருங்கள். தகவல் பிரிவுக்குப் போய்விட்டோம் என்று புதுப்பித்தலை விட்டுவிட்டவர்களுக்கு வெளிநாட்டு விண்ணப்பம், அரசுத் தேர்வு, மீண்டும் வார்டுக்குத் திரும்பும் விருப்பம் என எல்லாமே சிக்கலாகிவிடுகின்றன. புதுப்பித்தலுக்குத் தேவையான தொடர்கல்வி மணிநேரங்களை நோயாளிப் பாதுகாப்பு, மருந்துப் பிழை, தொற்றுத் தடுப்பு போன்ற தலைப்புகளிலேயே சேர்த்துக்கொண்டால் அவை தகவல் பிரிவு வேலைக்கும் அப்படியே பயன்படும்.